படுக்கையில் இருப்பவரைத் தேடிப் போவது: ஊரில் தன்னார்வப் பராமரிப்புக் குழு தொடங்க முழுமையான வழிகாட்டி

எங்கள் குழு முதன்முதலில் வாங்கிக் கொடுத்த காற்று மெத்தை ஒன்பது நாள் பரண்மேல் கிடந்தது. பக்கவாதம் வந்து படுத்துவிட்ட ஒரு பெரியவருக்காக நான்கு பேர் பணம் போட்டு வாங்கினோம். வீட்டில் இறக்கி வைத்துவிட்டு வாசலில் நின்று படமும் எடுத்துக்கொண்டு திரும்பினோம். மருந்துக் கடையில் 'ஆல்பா பெட்' என்று கேட்டால் தருவார்களே, அந்த மெத்தை. சின்ன மின்சார பம்ப் ஒன்று அதன் அறைகளை மாற்றி மாற்றி உப்பவைக்கும். அந்த வீட்டில் பிளக் இருந்தது அடுப்படியில். கட்டில் கிடந்தது முன்னறையில். இடையில் பதினைந்து அடி. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் மருமகள் மெத்தையை மடித்துப் பரணில் ஏற்றிவிட்டார். வேறு வேலையாக அந்தத் தெருவுக்குப் போன நான் எட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்று வாங்கிப் போட்டோம், மெத்தை ஓடியது. அதற்குள் பெரியவருக்கு இடுப்பின் அடியில் தோல் உரிந்துவிட்டது.

கொடுத்த மறுநாள் ஒருவர் போய்ப் பார்த்திருந்தால் போதும். அதற்குப் பிறகு எங்கள் குழுவின் விதி ஒன்றே ஒன்று: ஒரு வீட்டுக்குப் போனால், அடுத்து எந்தக் கிழமை வருவோம் என்று சொல்லிவிட்டு வர வேண்டும், சொன்ன கிழமையில் கதவைத் தட்ட வேண்டும். கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்த ஒரு விதியைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடுகள்தான்.

இது யாருக்கு? புற்றுநோய் முற்றியவர், பக்கவாதத்தில் விழுந்தவர், மறதி நோய் வந்தவர், முதுகுத்தண்டு அடிபட்டவர், வயதாகித் தனியே இருப்பவர் என்று ஒவ்வொரு ஊரிலும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிறவர்களுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கும் நான்கைந்து பேருக்கு.

முன்மாதிரி மலைக்கு அந்தப் பக்கம்

எங்கள் ஊர் செங்கோட்டைக்குக் கிழக்கே. புளியரையைத் தாண்டினால் கேரளம். இந்த வேலையின் பள்ளிக்கூடமும் அங்கேதான் இருக்கிறது. 1993இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் முதலியோர் வலி நிவாரணத்துக்கும் ஆதரவுச் சிகிச்சைக்கும் (நோயைக் குணப்படுத்த முடியாதபோதும் வேதனையைக் குறைக்கும் பராமரிப்பு) ஒரு சிறு பிரிவைத் தொடங்கினார்கள். கூட்டம் வந்தது. ஆனால் மிகவும் முடியாதவர்களால் வர முடியவில்லை. எழுந்து உட்கார இயலாதவர் எப்படி பஸ் பிடித்து வருவார்? மருத்துவமனை வீட்டுக்குப் போக வேண்டும். அதற்கு மருத்துவர்கள் மட்டும் போதாது. இப்படித்தான் மலப்புரம், கோழிக்கோடு மாவட்டங்களில் ஊர்க்காரர்கள் கையில் பொறுப்பைக் கொடுக்கும் முறை வளர்ந்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்த யாரும் சேரலாம். 16 மணி நேர வகுப்பு, பிறகு நான்கு நாள் நோயாளிகளோடு நேரடிப் பயிற்சி. 2008இல் கேரள அரசு ஆதரவுச் சிகிச்சைக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. உள்ளாட்சிகள் செவிலியரை அமர்த்தி வீட்டுக்கு அனுப்பத் தொடங்கின.

அங்கே மக்கள் முன்னால் போனார்கள், அரசு பின்னால் வந்தது. நம் பக்கம் தலைகீழ். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். வட்டாரத்துக்கு ஓர் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரும் ஓர் இயன்முறை மருத்துவரும் வீடு தேடி வருகிறார்கள். ஒரு வட்டாரத்தில் எத்தனை ஊர் என்று எண்ணிப் பாருங்கள். அந்தச் செவிலியர் எவ்வளவு ஓடினாலும் உங்கள் தெருவுக்கு எப்போதோ ஒரு நாள்தான் வர முடியும். மீதி நாட்கள் உங்களுடையவை.

1. கூட்டம் போடுவதற்கு முன்னால் நடந்து பாருங்கள்

குழுவுக்குப் பெயர் வைப்பது, பேனர் அடிப்பது, இலவச முகாம் நடத்துவது ஆகிய மூன்றையும் தள்ளி வையுங்கள். முகாமுக்கு வரக்கூடியவர் நடக்கக்கூடியவர். நீங்கள் தேடுகிறவர் முகாம் நடக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து நான்காவது வீட்டில் படுத்திருப்பார். ஒலிபெருக்கிச் சத்தம் மட்டும் அவருக்குக் கேட்கும்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போங்கள். முதலில் கேட்க வேண்டியவர்கள்: கிராம சுகாதாரச் செவிலியர், மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர், அங்கன்வாடிப் பணியாளர், அஞ்சல்காரர். இவர்களுக்குத் தெரியாத வீடுகள் மருந்துக் கடைக்காரருக்குத் தெரியும். பெரியவர்களுக்கான டயப்பரும் சிறுநீர்ப் பையும் யார் வாங்குகிறார்கள் என்று அவர் அறிவார். வீட்டு விவரத்தை அவரிடம் பிடுங்காதீர்கள். "இப்படி ஒரு குழு இருக்கிறது, விருப்பமிருந்தால் கூப்பிடச் சொல்லுங்கள்" என்று எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ரேஷன் கடை விற்பனையாளரும் நல்ல வழி. முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள்களை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் 'தாயுமானவர்' திட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. கடைக்கு வர முடியாதவர் யார் என்பது அவருக்கு அத்துப்படி.

நோட்டில் ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். பெயர், வயது, என்ன நோய், எந்த மருத்துவமனை, யார் கவனித்துக்கொள்கிறார், அவருக்கு மாற்று ஆள் உண்டா, கழிப்பறை கட்டிலிலிருந்து எவ்வளவு தூரம். கடைசிக் கேள்வியைச் சிரிப்பாக நினைக்காதீர்கள். முக்கால்வாசி வீடுகளில் பிரச்சினை அந்தத் தூரத்தில்தான் இருந்தது.

நோட்டு யார் கையில் இருக்கிறதோ அவர் ஒருவர் மட்டுமே அதைத் திறக்க வேண்டும். நோய் விவரத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவதென்றால் ஊர்ச்சாவடியில் தண்டோரா போட்டுவிடலாம், அது இன்னும் மலிவு.

2. ஆட்களைச் சேர்ப்பது

ஏழு பேர் போதும். பத்துக்கு மேல் தொடக்கத்தில் வேண்டாம். "எப்ப கூப்பிட்டாலும் வரேன்" என்கிறவரைவிட, "புதன்கிழமை நாலு மணிக்கு மட்டும் முடியும்" என்கிறவர் பத்து மடங்கு மேல். எங்களிடம் நீடித்தவர்கள்: தையல் கடை நடத்தும் ஒரு பெண், ஓய்வுபெற்ற நடத்துநர், காலை வியாபாரம் முடித்துவிடும் காய்கறிக்காரர், இரண்டு கல்லூரி மாணவிகள். முதல் வாரத்தில் நீண்ட உரை ஆற்றிய இருவர் மூன்றாம் வாரம் வரவில்லை.

பாதிக்குப் பாதியாவது பெண்கள் இருக்க வேண்டும். படுத்திருப்பவர் பெண்ணென்றால், அவரைப் புரட்டவும் துடைக்கவும் பெண்தான் போக வேண்டும். அவர் வாயால் கேட்கமாட்டார், ஆண் வந்தால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார், அவ்வளவுதான். எப்போதும் இருவராகப் போங்கள். பணம், நகை காணாமல் போனது என்ற பேச்சு எழாமல் இருக்கவும், தூக்கிப் புரட்டும்போது நம் முதுகு பிடித்துக்கொள்ளாமல் இருக்கவும் இது ஒன்றுதான் வழி.

அண்மையில் வீட்டில் சாவு கண்டவரை உடனே சேர்க்காதீர்கள். ஆர்வத்தோடு வருவார். ஆறு மாதம் போகட்டும் என்று சொல்லுங்கள். அதுவரை கணக்கு எழுத, சாமான் பார்த்துக்கொள்ள அழைக்கலாம்.

3. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் நுழையும் விதம்

பல குழுக்கள் இங்கேதான் தடுக்கி விழுகின்றன. 'நாங்களும் சேவை செய்ய வந்திருக்கிறோம், ஒத்துழைப்புத் தாருங்கள்' என்று போய் நின்றால் மருத்துவ அலுவலர் தலையாட்டிவிட்டு அடுத்த சீட்டைப் பார்ப்பார். அவர்மேல் குற்றமில்லை, இப்படி வருகிறவர்களை அவர் நிறையப் பார்த்துவிட்டார். எங்களையும் ஒரு நிலையத்தில் அப்படித்தான் அனுப்பினார்கள்.

இரண்டாம் முறை போகும்போது பட்டியலோடு போனோம். பன்னிரண்டு பேர், தெரு, நோய், கடைசியாக எப்போது மருத்துவரைப் பார்த்தார் என்ற விவரம். அதில் மூன்று பேர் அவர்கள் பதிவேட்டில் இல்லை. மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போடச் சொன்னார். நீங்கள் கொண்டுபோகிற சரக்கு தகவல். அதைக் கொடுத்தால், அடுத்த சுற்றில் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியர் எந்த நாள் எந்தத் தெருவுக்கு வருகிறார் என்ற தகவல் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். அன்றைக்கு அவரோடு கூடவே போங்கள். செவிலியர் கட்டு மாற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதைவிடச் சிறந்த வகுப்பு கிடையாது.

எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து முத்திரையிட்ட நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்: குழுவினர் பெயர்கள், செல்லும் நாட்கள், மருந்து கொடுக்கமாட்டோம் என்ற உறுதி. பஞ்சாயத்துத் தலைவருக்கும், தேர்தல் நடக்காமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலமென்றால் அவருக்கும் ஒரு நகல். நிலையத்தில் நோயாளர் நலச் சங்கம் உண்டு. ஊரில் கிராம சுகாதாரம், குடிநீர், துப்புரவு, ஊட்டச்சத்துக் குழு உண்டு. பல இடங்களில் இவை காகிதத்தில் கூடிக் காகிதத்தில் கலைகின்றன. இருந்தாலும் அதில் உங்களில் ஒருவர் இடம்பெறப் பாருங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. படுக்கையில் இருப்பவர் வீட்டு முன்னால் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் வேண்டும், தெருவிளக்கு வேண்டும் என்பதைத் தீர்மானமாக வைக்க வேண்டிய இடம் அது.

4. பயிற்சி: கை வைக்கலாம், கை வைக்கக் கூடாது

கோழிக்கோட்டு அளவான 16 மணி நேரத்தை நாங்கள் எட்டு ஞாயிற்றுக்கிழமைகளாக, நாளுக்கு இரண்டு மணியாகப் பிரித்தோம். வட்டாரச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் மூன்று வகுப்புக்கு வந்தார்கள். கற்க வேண்டியவை: கட்டிலில் இருப்பவரை இரண்டு பேர் துப்பட்டியோடு சேர்த்து மேலே இழுப்பது, ஒருபக்கமாகப் புரட்டுவது, படுக்கையிலேயே தலைக்குக் குளிப்பாட்டுவது, வாயைத் துடைப்பது, மூட்டுகளை மெல்ல மடக்கி நீட்டுவது, பேச்சைக் கேட்பது. கடைசியது எல்லாவற்றையும்விடக் கடினம். நம்மால் ஒரு நிமிடம் சும்மா இருக்க முடிவதில்லை. "கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்று வாயைத் திறந்துவிடுகிறோம். சரியாகாது என்று அவருக்குத் தெரியும். அந்த வாக்கியத்தோடு அவர் பேச்சு நின்றுவிடும்.

தொடக் கூடாதவை: ஊசி, மூக்கு வழியாகப் போட்ட குழாயை மாற்றுவது, சிறுநீர்க் குழாயை மாற்றுவது, ஆழமான புண்ணை வெட்டிச் சுத்தம் செய்வது, மாத்திரை அளவைக் கூட்டிக் குறைப்பது, 'எங்கள் மாமாவுக்கு இது கேட்டது' என்று நாட்டு மருந்து சொல்வது. இவற்றைச் செய்ய உங்களுக்கு அனுமதியில்லை. தெரியும் என்று நினைத்தாலும் செய்யாதீர்கள்.

ஆனால் பார்க்கலாம். சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்பு மட்டத்துக்குக் கீழே தொங்குகிறதா? புரட்டும்போது அதைத் தூக்கி மெத்தைமேல் வைத்துவிடுகிறார்களா? பையில் சிறுநீர் கலங்கியோ ரத்தம் கலந்தோ வருகிறதா? மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்கிறதா, ஊற்றி முடித்து அரை மணி நேரமாவது அப்படியே சாய்ந்து இருக்கிறாரா? இதில் ஏதாவது தவறியிருந்தால் குடும்பத்துக்குச் சொல்லலாம், செவிலியருக்குத் தகவல் கொடுக்கலாம். மூச்சுத் திணறல், நிற்காத ரத்தப்போக்கு, நினைவு தப்புதல் என்றால் யோசிக்காமல் 108.

5. முதல் வருகை

செருப்பை வெளியே விடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ எங்கே என்று கேளுங்கள். அந்தச் சாக்கில் கழிப்பறையும் தண்ணீர் வசதியும் கண்ணில் பட்டுவிடும். கட்டிலில் உட்காராதீர்கள். நாற்காலியோ தரையோ, அவர் கண் மட்டத்துக்கு இறங்கி உட்காருங்கள். நின்றுகொண்டு பேசுகிறவர் கிளம்பப் போகிறவர் என்று படுத்திருப்பவருக்குத் தெரியும்.

முதலில் பேச வேண்டியது நோயாளியோடு, அவருக்குப் பேச்சு வராவிட்டாலும். இரண்டாவதாக, கவனித்துக்கொள்கிறவரோடு, அது பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள். "ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்கமாட்டார்கள். ஒரு வீட்டில் பதிலே வரவில்லை. அந்த அம்மா எழுந்து உள்ளே போய், கொஞ்ச நேரம் கழித்து மூன்று டம்ளர் காபியோடு வந்தார். பிறகு பேச ஆரம்பித்து ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. காபி கொடுத்தால் குடியுங்கள். வேண்டாம் என்றால் நம்மைத் தீண்டக் கூசுகிறார்கள் என்று நினைக்கும் வீடுகள் உண்டு.

படம் எடுக்காதீர்கள். நன்கொடையாளர் கேட்டாலும் எடுக்காதீர்கள். கொடுத்த பொருளைப் படம் பிடியுங்கள், வாங்கியவர் முகத்தை வேண்டாம்.

வெகுசீக்கிரத்தில் ஒரு சங்கடம் வரும். வாசலிலேயே மகன் மறித்து, "அப்பாவுக்குப் புற்றுநோய் என்று தெரியாது, சொல்லிவிடாதீர்கள்" என்பார். உள்ளே போனால் அப்பா, "எனக்கு என்ன சீக்கு என்று உங்களுக்காவது தெரியுமா?" என்பார். நோயின் பெயரைச் சொல்வது மருத்துவரின் வேலை, நம் வேலை அல்ல. பொய்யும் சொல்லக் கூடாது. "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். மகன் வருத்தப்படுவான் என்று அவர் மறைத்துக்கொண்டிருப்பார். பிறகு மகனிடம், அப்பா இப்படிக் கேட்டார் என்று மட்டும் சொல்லிவிட்டு, மருத்துவரோடு பேச வழி செய்யுங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்? கையுறை, பஞ்சு, சுத்தமான துணிக்கட்டு, வெப்பமானி, டார்ச், நகவெட்டி, முகச்சவரக் கத்தி, சோப்பு, வெந்நீர்ப் பை, நோட்டு. அதோடு பழைய பருத்தி வேட்டிகள். துவைத்துத் துவைத்து நைந்த வேட்டியை விட மெதுவான விரிப்பு எந்தக் கடையிலும் விற்பதில்லை. ஊரில் கேட்டால் கட்டுக்கட்டாகத் தருவார்கள்.

6. படுக்கைப்புண்: இதில் நீங்கள் வெல்லலாம்

நோயைக் குணப்படுத்த நம்மால் முடியாது. படுக்கைப்புண் வராமல் தடுக்க முடியும். குழு உருப்படியாகச் செய்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

ஒரே இடத்தில் எடை அழுந்திக்கொண்டே இருந்தால் அங்கே ரத்தம் ஓடுவது தடைபடும், தசை செத்துப்போகும். எலும்பு துருத்தும் இடங்களைப் பாருங்கள்: முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் இரு பக்கம், குதிகால், கணுக்கால், தோள்பட்டை, பின்தலை, காது. வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரியும் என்று புத்தகங்கள் சொல்லும். நம் நிறத்தில் அது கருமையாகவோ நீலம் பாய்ந்தாற்போலவோ இருக்கும், தொட்டால் சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தும் நிறம் மாறாவிட்டால் அது முதல் கட்டம். அன்றே வேலையைத் தொடங்க வேண்டும்.

வேலை எளிது, ஓயாதது. இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்ட வேண்டும். இதை வாயால் சொல்லிவிட்டு வந்தால் நடக்காது. ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கம் கடிகார முகம் வரைந்து 6 இடது, 8 நேர், 10 வலது என்று எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டுங்கள். இரவு இரண்டு மணிக்கு யார் எழுந்திருப்பது என்பதையும் அங்கேயே பேசி முடியுங்கள். மருமகள் ஒருத்தியே எல்லா முறையும் எழ வேண்டும் என்றிருந்தால் அந்த அட்டை ஒரு வாரத்தில் பொய்யாகிவிடும். காற்று மெத்தை அந்த வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும். மெத்தை வந்துவிட்டது என்று புரட்டுவதை நிறுத்திவிடவும் கூடாது, இடைவெளி கொஞ்சம் கூடலாம், அவ்வளவே.

குதிகாலுக்குக் கீழே அல்ல, கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வையுங்கள். குதிகால் அந்தரத்தில் நிற்க வேண்டும். இழுத்துப் புரட்டாதீர்கள், தோல் தேயும், தூக்கிப் புரட்டுங்கள். ஈரம் தங்க விடாதீர்கள். வட்டமாக ஓட்டை போட்ட ரப்பர் வளையம் நம் ஊரில் பிரபலம். அதைத் தவிர்த்துவிடுங்கள், வளையத்தின் விளிம்பு அழுத்தி நடுவில் ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். நிறம் மாறிய இடத்தை எண்ணெய் விட்டுத் தேய்க்கிற பழக்கமும் வேண்டாம். தோல் உரிந்துவிட்டால், நீர் வந்தால், நாற்றம் அடித்தால் செவிலியரைக் கூப்பிட வேண்டும். மஞ்சள் பொடியைக் கொட்டக் கூடாது.

7. வலி

முற்றிய புற்றுநோயின் வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க வேண்டியதில்லை. மார்ஃபின் மாத்திரை இருக்கிறது, விலையும் குறைவு. போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் பல ஆண்டுகள் மருத்துவமனைகளே அதை வாங்கி வைக்கத் தயங்கின. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் அதை வைத்திருக்க வழி எளிதாக்கப்பட்டது. உங்கள் மாவட்டத்தில் எந்த மருத்துவமனையில் கிடைக்கிறது, எந்தக் கிழமை வெளிநோயாளர் பிரிவு என்பதை முன்பே விசாரித்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். மாத்திரையை வாங்கி வருவது, வைத்திருப்பது, மீந்ததை வேறொருவருக்குக் கொடுப்பது எதுவும் தன்னார்வலர் செய்யக் கூடாது. பயந்து கிடக்கும் குடும்பத்தை மருத்துவரிடம் அழைத்துப் போவது மட்டும் உங்கள் பங்கு. மார்ஃபின் எடுப்பவருக்குப் பெரும்பாலும் மலச்சிக்கல் வரும். அதற்கான மருந்தையும் சேர்த்தே கேட்டு வாங்க நினைவுபடுத்துங்கள்.

8. காகித வேலை

இது அலுப்பான பகுதி. ஆனால் ஒரு குடும்பத்துக்குக் குழு பயன்பட்டது என்று பிறகு நினைவிருப்பது பெரும்பாலும் இதனால்தான்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை, மாற்றுத்திறனாளிக்கான தேசிய அடையாள அட்டை, முதியோர் உதவித்தொகை என மூன்றையும் முதல் மாதத்திலேயே சரிபாருங்கள். முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது; வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. அது மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியே. சக்கர நாற்காலியும் அங்கேயே கேட்கலாம், காசு கொடுத்து வாங்குவதற்கு முன்னால். ஓய்வூதியர் உயிர்வாழ் சான்றுக்காகப் படுத்திருப்பவரை ஆட்டோவில் ஏற்றி இறக்க வேண்டாம். அஞ்சல்காரர் வீட்டுக்கே வந்து சிறு கட்டணத்தில் எடுத்துக் கொடுப்பார்.

முதியோர் உதவி எண் 14567, மருத்துவ ஆலோசனைக்கு 104, மன நலத்துக்கு 14416. பெரிய எழுத்தில் எழுதி அட்டையாக ஒட்டிவிடுங்கள்.

பெற்றோரைக் கவனிக்காமல் விடும் பிள்ளைகளையும் சந்திப்பீர்கள். 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். அங்கே ஓடுவதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள். நாங்கள் கொடுமை என்று நினைத்த இரண்டு வீடுகளில் ஒன்றில், மகன் இரவுக் காவல் வேலை முடித்து வந்து பகலெல்லாம் தாயைப் பார்த்துக்கொண்டு, மூன்று மாதமாகச் சரியாகத் தூங்கவே இல்லை. வாரம் இரண்டு பிற்பகல் நாங்கள் போய் உட்கார்ந்தோம். அவன் தூங்கினான். கத்தல் நின்றது. மற்ற வீட்டில் மனு கொடுக்கத்தான் வேண்டியிருந்தது.

9. பணமும் பதிவும்

முதல் ஆறு மாதம் பதிவு வேண்டாம். கைக்காசும், நான்கு கடைகளில் வைத்த உண்டியலும் போதும். பிறர் பணம் தொடர்ந்து வரத் தொடங்கியதும் பதிவு செய்துவிடுங்கள். தனி ஒருவர் வங்கிக் கணக்கில் ஊர்ப் பணம் கிடப்பது எந்த நட்பையும் முறிக்கும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் சங்கமாகப் பதியலாம். அல்லது சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளை ஆவணம். என் பரிந்துரை சங்கம்: ஆண்டுதோறும் கூட்டம், கணக்கு, குறித்த காலத்துக்கு ஒரு முறை தேர்தல் என்று கட்டாயம் இருப்பதால் ஒருவர் சொத்தாக மாறாது.

வெளிநாட்டுப் பணத்தில் கவனம். இந்தியக் குடியுரிமையோடு துபாயில் வேலை பார்க்கும் ஊர்க்காரர் வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா அனுப்பினால் ஆகும். மத்திய உள்துறையின் அனுமதியில்லாமல் வாங்கக் கூடாது. பாசத்தோடு அனுப்பிய ஐயாயிரம் ரூபாய் பெரிய வில்லங்கத்தில் கொண்டுபோய் விடும்.

மாதக் கணக்கை நூலகத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். 'பஞ்சு 140, ஆட்டோ 200' என்று பொடிப்பொடியாக எழுதுங்கள். எங்கள் உண்டியல் வசூல் கூடியது அதற்குப் பிறகுதான்.

10. ஊருக்குள் இருக்கும் கோடுகள்

எல்லாக் குழுவும் இதைச் சந்திக்கிறது, எந்தக் கையேடும் எழுதுவதில்லை. எந்தத் தெருவுக்கு யார் போவது? அந்தந்தத் தெருக்காரர் அந்தந்தத் தெருவுக்கு என்று விட்டுவிட்டால் சுலபம். ஆறு மாதத்தில் குழு இரண்டாக உடையும், காலனிப் பக்கம் யாரும் போகமாட்டார்கள். ஜோடிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். ஒரு வீட்டில் எங்கள் ஆள் ஒருவரை வாசலோடு நிறுத்தினார்கள். அவரை மாற்றி வேறொருவரை அனுப்பவில்லை. அடுத்த புதன் அவரும் நானுமே போனோம், அதற்கடுத்த புதனும். நான்காம் வாரம் கட்டிலிலிருந்த தாத்தாவே, "அந்தப் பையனை உள்ளே வரச் சொல், அவன்தான் வலிக்காமல் புரட்டுவானாம்" என்றார். எல்லா வீட்டிலும் இப்படி முடியும் என்று சொல்லமாட்டேன். ஒரு வீட்டுக்கு நாங்கள் போவதை நிறுத்தினோம். செவிலியருக்கு மட்டும் தகவல் கொடுத்துவிட்டோம்.

தேர்தல் நேரத்தில் எந்தக் கட்சிக்காரரும் பொருள் கொடுக்க உங்களோடு வரக் கூடாது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எதுவும் பணம் தரலாம். துண்டறிக்கை தரக் கூடாது.

11. சாமான்களும் சாவும்

கட்டில், நாற்காலி, காற்று மெத்தை, வாக்கர், ஆக்சிஜன் செறிவூட்டி எல்லாவற்றுக்கும் பெயிண்டால் எண் போட்டு, பதிவேட்டில் எழுதிக் கடனாகக் கொடுங்கள். முன்பணம் வாங்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியை மெத்தையோடு சேர்த்தே கட்டிக் கொடுங்கள். மறுநாள் ஒருவர் போய் பம்ப் ஓடும் சத்தத்தைக் கேட்டுவிட்டு வர வேண்டும்.

நோட்டில் இருக்கும் பலரும் இறந்துபோவார்கள். இதற்கு யாரையும் தயார்படுத்த முடியாது, ஆனால் பேச இடம் கொடுக்கலாம்: மாதம் ஒரு முறை குழு கூடி, அந்த மாதம் போனவர்களைப் பற்றிப் பேசுங்கள். வேறு நிகழ்ச்சி நிரல் வேண்டாம்.

சாவு வீட்டுக்குப் போங்கள், கும்பிட்டுவிட்டு வாருங்கள். கட்டிலைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். கருமாதி முடிந்து, பதினேழாம் நாளோ அதற்குப் பிறகோ போய்க் கேளுங்கள். பல வீடுகளில் கேட்பதற்கு முன் அவர்களே சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைத்திருப்பார்கள். அந்த முதல் பெரியவர் வீட்டிலும் அப்படித்தான். மெத்தையைச் சுருட்டி, பம்பின் மேல் எக்ஸ்டென்ஷன் வயரைச் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தார் மருமகள். கூடவே ஒரு பிளாஸ்டிக் பை. "எட்டு டயப்பர் மிச்சம் இருக்கிறது அண்ணே, வேறு யாருக்காவது ஆகும்" என்றார்.

நோட்டில் நோயாளியின் பெயரை அடித்துவிட்டு, அதே பக்கத்தில் கவனித்துக்கொண்டவரின் பெயரை எழுதுங்கள். பக்கத்தில் அடுத்த புதன்கிழமையின் தேதி. அன்றைக்கு வாங்கி வர எதுவும் இருக்காது, கொடுத்துவிட்டு வரவும் எதுவும் இருக்காது. கதவைத் தட்டுங்கள்.